படபடக்கும் நெஞ்சுக்குப் பத்து நிமிட ஓட்டம்

அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிசா மெக்கான், டேவிட் ஹோம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்த 43 கல்லூரி மாணவிகளை அவர்கள் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு நன்றாக மூச்சு வாங்கும்படி ஏரோபிக் உடற்பயிற்சி செய்தது. இன்னொரு குழு உடலைத் தளர்த்தி ஓய்வெடுக்கும் பயிற்சியைச் செய்தது. மூன்றாவது குழுவுக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது. பத்து வாரங்கள் இப்படிப் போயின. தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் அவர்களின் மனநிலையைக் கேள்விப் பட்டியல்களால் அளந்தார்கள்.

ஓய்வெடுக்கும் குழு எதற்கு என்று தோன்றலாம். மனம் சோர்ந்திருக்கும் ஒருவரை யாராவது கூப்பிட்டு, 'உனக்கு ஒரு பயிற்சி தருகிறோம், இது உனக்கு நல்லது' என்று சொன்னாலே பாதிச் சோர்வு போய்விடும். அந்தக் கவனிப்பின் பலன் எவ்வளவு, உடலை வருத்தி ஓடியதன் பலன் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத்தான் அந்த இரண்டாவது குழு. பத்து வாரம் முடிந்தபோது, உடற்பயிற்சி செய்த மாணவிகளின் மனச்சோர்வு மற்ற இரு குழுக்களையும்விடத் தெளிவாகக் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் உடற்பயிற்சிக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பைச் சோதிக்க இளம்பெண்களையே தேர்ந்தெடுத்த வகையில் அது முன்னோடி.

இளம்பெண்களைத் தனியாகப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு வருகிறது. சிறு குழந்தைகளிடம் இந்த வேறுபாடு இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அது தலைகாட்டி, பதின்பருவத்தில் விறுவிறுவென்று விரிகிறது. அதே வயதில் இன்னொன்றும் நடக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளில் 11 முதல் 17 வயதுவரை உள்ள 16 லட்சம் மாணவ மாணவியரின் தகவல்களைத் திரட்டிப் பார்த்தார்கள். நாளுக்கு ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்பது பரிந்துரை. 2016 நிலவரப்படி சிறுவர்களில் 78 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. சிறுமிகளில் எட்டாதவர்கள் 85 சதவீதம்.

நம்மூரில் இது எப்படி நடக்கிறது என்பதற்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. ஏழாம் வகுப்புவரை கோகோவும் த்ரோபாலும் ஆடிய பெண், வயதுக்கு வந்த பிறகு மைதானத்தின் ஓரத்தில் தோழிகளின் பைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். 'இன்னும் என்ன சின்னப் பிள்ளையாட்டம் குதிச்சுக்கிட்டு' என்று வீட்டில் ஒரு குரல் எழும். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார். கல்லூரி விடுதியில் சேர்ந்தால் மாலை ஆறரைக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். இருபது வயதில் அவள் ஒரு நாளில் அதிகமாக நடப்பது பஸ் ஸ்டாப்புக்கும் வகுப்பறைக்கும் இடையில்தான். மனம் தடுமாறத் தொடங்கும் வயதும் உடல் ஓய்ந்துபோகும் வயதும் இப்படி ஒன்றாகிவிடுகின்றன. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. ஹார்மோன் மாற்றம், படிப்புச் சுமை, வீட்டுக் கட்டுப்பாடு, தெருவில் நேரும் சீண்டல் எல்லாமே கலந்திருக்கின்றன. ஆனாலும் மனச்சோர்வுக்கு எதிராக உடலிடம் உள்ள ஒரு நல்ல கருவியை, அது அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் நாமே அவளிடமிருந்து பிடுங்கிவிடுகிறோம்.

அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது?

'உடற்பயிற்சி செய்தால் எண்டார்ஃபின் சுரக்கும், மனசு சந்தோஷமாகும்' என்பது பலருக்கும் தெரிந்த விளக்கம். ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் இருவரும் 1975இல், மூளை தானாகவே அபினைப் போன்ற பொருளைச் சுரக்கிறது என்று காட்டினார்கள். நீண்ட தூரம் ஓடுபவர்களுக்கு வரும் ஒருவித மிதப்புக்கு இதுவே காரணம் என்ற எண்ணம் விரைவில் பரவியது. 2008இல் ஜெர்மனியில் ஹென்னிங் போயக்கர் குழுவினர் பத்து ஓட்டக்காரர்களை இரண்டு மணி நேரம் ஓடவைத்து, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் மூளையை ஸ்கேன் செய்து, உணர்ச்சிகளைக் கையாளும் பகுதிகளில் இந்தப் பொருள்கள் வெளிப்பட்டதற்கான தடயங்களைக் கண்டார்கள். அதோடு கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள்.

முடியவில்லை. அதே ஜெர்மனியில் யோஹானஸ் ஃபுஸ் என்பவரும் சக ஆய்வாளர்களும் 2021இல் வெளியிட்ட ஆய்வில் 63 பேர் பங்கேற்றார்கள். ஒரு பகுதியினருக்கு நால்ட்ரெக்சோன் என்ற மாத்திரை கொடுத்தார்கள். அது எண்டார்ஃபின் போய் ஒட்டிக்கொள்ள வேண்டிய இடங்களை அடைத்துவிடும். மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. எண்டார்ஃபின்தான் மகிழ்ச்சிக்குக் காரணம் என்றால், மருந்து சாப்பிட்டவர்களுக்கு ஓட்டம் வெறும் களைப்பைத்தான் தந்திருக்க வேண்டும். ஆனால் இரு தரப்பினரும் ஓடி முடித்ததும் ஒரே மாதிரி உற்சாகம் அடைந்தார்கள், பதற்றமும் ஒரே மாதிரி தணிந்தது. இப்போது சந்தேகம் எண்டோகன்னாபினாய்டு என்ற வேறொரு பொருள்கூட்டத்தின் மேல் திரும்பியிருக்கிறது. கொழுப்புத் தன்மை உள்ளவை என்பதால் இவை ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதாகப் புகும். எண்டார்ஃபினால் அப்படிப் புக முடியாது. இவற்றில் முக்கியமான ஒன்றை 1992இல் ஜெருசலேமில் ரஃபேல் மெக்கூலமின் ஆய்வகத்தில் கண்டுபிடித்தபோது, 'ஆனந்தம்' என்ற சொல்லிலிருந்து அனந்தமைடு என்று பெயர் சூட்டினார்கள்.

இந்த மிதப்பெல்லாம் சில மணி நேரச் சங்கதி. பத்து வாரத்தில் கான்சாஸ் மாணவிகளிடம் நேர்ந்த மாற்றத்தை அதைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. அதற்கு உடலுக்கும் பயத்துக்கும் உள்ள உறவைப் பார்க்க வேண்டும்.

தேர்வு அறைக்கு வெளியே நிற்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். நெஞ்சு வேகமாக அடிக்கிறது. உள்ளங்கை ஈரமாகிறது. மூச்சு மேலோட்டமாகிறது. இதுவரை எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் சிலர் அந்தப் படபடப்பைக் கண்டே பயப்படுகிறார்கள். 'எனக்கு என்னவோ ஆகப்போகிறது, மயக்கம் போட்டு விழப்போகிறேன்' என்ற எண்ணம் வந்ததும் இதயம் இன்னும் வேகமெடுக்கிறது. வேகமெடுத்த இதயம் பயத்தை உறுதிப்படுத்துகிறது. பதற்றத்தின் உடல் அறிகுறிகளைக் கண்டு பயப்படும் இந்த இயல்புக்கு உளவியலில் பதற்ற உணர்திறன் என்று பெயர். இது அதிகமாக உள்ளவர்களுக்குப் பின்னாளில் பீதித் தாக்குதல்கள் வரும் வாய்ப்பு அதிகம். உடல் அறிகுறிகள் பற்றிய இந்தப் பயம் ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாக இருப்பதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன.

இப்போது அதே மாணவி கல்லூரி மைதானத்தில் பத்து நிமிடம் ஓடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்று எளிதாகப் போகிறது. இரண்டாம் சுற்றில் தொண்டை வறள்கிறது, விலாவில் பிடிக்கிறது, காதுக்குள் இதயம் அடிப்பது கேட்கிறது. முகம் சூடாகிறது, நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிகிறது. தேர்வு அறை வாசலில் வந்த அத்தனை அறிகுறிகளும் இங்கேயும் வந்துவிட்டன, இன்னும் பல மடங்காக. ஆனால் எதுவும் ஆகவில்லை. அவள் நிற்கிறாள், இடுப்பில் கைவைத்துக் குனிந்து மூச்சு வாங்குகிறாள், தண்ணீர் குடிக்கிறாள். சில நிமிடங்களில் துடிப்பு தானாக இறங்குகிறது. நாளைக்கும் இதுவே நடக்கும், அடுத்த வாரமும் நடக்கும். வேகமாக அடிக்கும் இதயம் ஆபத்தின் அடையாளம் என்று நம்பியிருந்த மூளை, இந்த அனுபவம் திரும்பத் திரும்ப நேரும்போது தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது.

இது வெறும் ஊகம் இல்லை. 2004இல் ஜோஷுவா ப்ரோமன் ஃபுல்க்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு, பதற்ற உணர்திறன் மிகுந்த 54 பேரை ட்ரெட்மில்லில் ஏற்றியது. ஆறு முறை, ஒவ்வொரு முறையும் 20 நிமிடம், அவ்வளவுதான். மெதுவாக நடந்தவர்களுக்கும் பதற்ற உணர்திறன் குறைந்தது, வேகமாக ஓடியவர்களுக்கு இன்னும் விரைவாகக் குறைந்தது. படபடப்பைக் கண்டு வரும் பயம் குறைந்தது வேகமாக ஓடியவர்களுக்கு மட்டுமே. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் மார்கோ வாட், ஷெரி ஸ்டூவர்ட் ஆகிய உளவியலாளர்கள் இதை மாணவிகளுக்கான சிகிச்சையாகவே வடிவமைத்தார்கள். பயத்தைப் பற்றிப் பேசுவது ஒரு பகுதி, பத்து நிமிட ஓட்டம் இன்னொரு பகுதி. ஓடியபோது உடலில் என்னென்ன தோன்றியது, அதைப் பற்றி என்ன நினைத்தோம் என்று மாணவிகள் ஒவ்வொரு முறையும் குறித்துவைத்தார்கள். முதல் ஓட்டத்தில் அவர்களைப் பயமுறுத்திய அறிகுறிகள், அடுத்தடுத்த ஓட்டங்களில் அவ்வளவாகப் பயமுறுத்தவில்லை. ஓட்டத்தை அவர்கள் உடலை இளைக்கவைக்கும் வேலையாகக் கொடுக்கவில்லை என்பது கவனிக்க வேண்டியது. தன் உடலைக் கண்டு பயப்படாமல் இருக்கக் கற்றுக்கொள்ளும் பாடமாகவே கொடுத்தார்கள்.

உடலுக்குள்ளும் தடயங்கள் கிடைக்கின்றன. தாய்லாந்து, ஜப்பான் ஆய்வாளர்கள் சேர்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில் 18 முதல் 20 வயதுவரை உள்ள 49 பெண்கள் பங்கேற்றார்கள். எல்லோருக்கும் லேசான அல்லது மிதமான மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. எட்டு வாரங்கள், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 50 நிமிடம் மெதுவான ஜாகிங். அவர்களின் சிறுநீரை 24 மணி நேரம் சேகரித்து, கார்டிசோல், அட்ரினலின் என்ற இரு அழுத்த ஹார்மோன்களை அளந்தார்கள். ஓடிய வாரங்களுக்குப் பிறகு இரண்டும் குறைந்திருந்தன. சும்மா இருக்கும்போது இதயம் துடிக்கும் வேகமும் குறைந்தது, மனச்சோர்வு மதிப்பெண்ணும் இறங்கியது. நாள் முழுக்க உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் 'டென்ஷன்' என்று பெண்கள் சொல்வதன் ஓர் அளவு இது.

இன்னும் வியப்பான செய்தி தசையிலிருந்து வந்தது. மன அழுத்தமும் உடல் அழற்சியும் நீடிக்கும்போது ரத்தத்தில் கைனுரெனின் என்ற பொருள் கூடுகிறது. அது மூளைக்குள் நுழைந்தால் கெடுதல். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ஜோர்ஜ் ருவாஸ் குழுவினர் 2014இல், பயிற்சி பெற்ற தசை இந்தப் பொருளை மூளைக்குள் நுழைய முடியாத வேறொரு வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது என்று எலிகளில் காட்டினார்கள். அப்படிப்பட்ட தசை இருந்த எலிகள் ஐந்து வார அழுத்தத்துக்குப் பிறகும் சோர்ந்துவிடவில்லை. எலிகளில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்தக் கூடாது. ஆனாலும் தொடைத் தசைக்கும் மனநிலைக்கும் இப்படி ஒரு நேர்ப்பாதை இருக்கும் என்று முப்பது ஆண்டுகளுக்கு முன் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் நியாயமான ஒரு சந்தேகம் எழ வேண்டும். மனம் நன்றாக இருப்பவர்கள்தானே ஓடப் போகிறார்கள்? சோர்ந்து கிடப்பவளால் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே முடியாதே? காரணம் எது, விளைவு எது? நெதர்லாந்தில் ஏறக்குறைய ஆறாயிரம் இரட்டையர்களை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வு இந்தச் சந்தேகத்துக்கு வலுச் சேர்த்தது. மரபணு ஒன்றாகவே உள்ள இரட்டையரில் அதிகமாக உடற்பயிற்சி செய்தவருக்கு மற்றவரைவிட மனச்சோர்வு குறைவாக இல்லை. இதற்கு எதிர்ப்பக்கத்திலும் சான்றுகள் உண்டு. நார்வேயில் 33,908 பேரைச் சராசரியாக 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது எல்லோரும் உடற்பயிற்சி செய்திருந்தால், பின்னர் வந்த மனச்சோர்வில் 12 சதவீதம் வராமலே இருந்திருக்கலாம் என்பது அவர்களின் கணிப்பு. 2019இல் கார்மல் சோய் என்பவரின் குழு மரபணுத் தகவல்களைக் கொண்டு செய்த பகுப்பாய்வும், உடல் இயக்கம் மனச்சோர்விலிருந்து காக்கிறது என்ற பக்கமே சாய்ந்தது. 2024இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான தொகுப்பாய்வு 218 பரிசோதனைகளை, 14,170 பேரை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. நடையும் ஜாகிங்கும், யோகாவும், எடை தூக்கும் பயிற்சியும் மனச்சோர்வைக் குறைத்தன. பெண்களுக்கும் இளவயதினருக்கும் எடைப் பயிற்சி கூடுதலாகப் பலன் தந்தது. 'பொண்ணுங்களுக்கு எதுக்கு வெயிட்டு' என்று கேட்பவர்கள் இந்த முடிவை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

இருந்தும் உடற்பயிற்சியைச் சர்வரோக நிவாரணியாக விற்பது தவறு. பிரிட்டனின் பிரிஸ்டல், எக்ஸிட்டர் பகுதிகளில் மனச்சோர்வு உள்ள 361 பேரைக் கொண்டு நடந்த பரிசோதனை 2012இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு மட்டும் வழக்கமான மருத்துவத்தோடு, உடல் இயக்கத்தைக் கூட்டும்படி நேரிலும் தொலைபேசியிலும் ஊக்கமும் ஆலோசனையும் தந்தார்கள். அந்தப் பகுதியினர் மற்றவர்களைவிட அதிகம் இயங்கியதாகச் சொன்னார்கள், மனச்சோர்வோ கூடுதலாகக் குறையவில்லை. ஆய்வகத்தில் கூடவே ஆள் நின்று, நாள் குறித்து, துணையோடு செய்யவைப்பது வேறு. 'கொஞ்சம் வாக்கிங் போம்மா' என்று சொல்லி அனுப்புவது வேறு.

தமிழ் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. காலையில் எழுந்து வாசல் தெளித்து, பாத்திரம் தேய்த்து, தண்ணீர்க் குடம் தூக்கி, மாடி ஏறித் துணி காயப்போடும் பெண்ணுக்குத் தனியாக என்ன உடற்பயிற்சி? திருப்பூர் பனியன் கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி செக்கிங் பார்க்கும் பெண்ணுக்கு அதற்கு மேல் எதற்கு ஓட்டம்? 2017இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து, உடல் இயக்கம் எந்தச் சூழலில் நடக்கிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். ஓய்வு நேரத்தில் தானாக விரும்பிச் செய்யும் இயக்கம் நல்ல மனநிலையோடு சேர்ந்து வந்தது. வேலையின் பகுதியாகச் செய்யும் உடலுழைப்போ மனநலக் குறைவோடு சேர்ந்து வந்தது. எரியும் கலோரி ஒன்றாகவே இருக்கலாம். நிறுத்த வேண்டும் என்று தோன்றும்போது நிறுத்தும் உரிமை இருக்கிறதா, அந்த நேரம் அவளுடையதா என்பதில்தான் வேறுபாடு. உழைத்துக் களைத்த பெண்ணிடம் 'இதுவே எக்சர்சைஸ்தான்' என்று சொல்லும்போது, அவளுக்கென்று இருக்க வேண்டிய அந்த அரை மணி நேரத்தையும் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

எதற்காகச் செய்கிறாள் என்பதும் இதே அளவுக்கு முக்கியம். ஆஸ்திரேலியாவில் உடற்பயிற்சி மையங்களுக்குப் போகும் 16 முதல் 25 வயதுவரை உள்ள 104 பெண்களிடம் பீட்டர் ஸ்ட்ரெலனும் சக ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வு 2003இல் வெளியானது. எடையையும் தோற்றத்தையும் நினைத்துப் பயிற்சி செய்தவர்களுக்கு உடல் மீதான திருப்தியும் தன்மதிப்பும் குறைவாக இருந்தன. ஆரோக்கியத்துக்காக, உற்சாகத்துக்காகச் செய்தவர்களிடம் அவை கூடுதலாக இருந்தன. அதே ஆண்டு கனடாவில் கேத்லீன் மார்ட்டின் ஜினிஸ் குழுவினர், உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத 58 மாணவிகளை 20 நிமிடம் உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்கவைத்தார்கள். சிலருக்கு எதிரே கண்ணாடி, சிலருக்கு வெறும் சுவர். கண்ணாடியைப் பார்த்தபடி மிதித்தவர்கள் மற்றவர்களைவிட மோசமான மனநிலையோடு இறங்கினார்கள். தன் உடலைப் பற்றிப் பெரிய கவலை இல்லாத பெண்களுக்கும் இதுவே நேர்ந்தது. நாம் பார்க்கும் ஜிம்களில் நான்கு சுவரிலும் கண்ணாடி. கையில் இருக்கும் போனில் 'கல்யாணத்துக்கு முன்னாடி பத்து கிலோ' என்று ரீல்ஸ். புதிதாகச் சேர்ந்த பெண் இரண்டாவது வாரத்தில் நின்றுவிட்டால் அவளைச் சோம்பேறி என்று சொல்வதற்கு முன் இந்தக் கண்ணாடிகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வேகத்தைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் பணியாற்றும் பான்டெலைமோன் எக்கெக்காகிஸ் இதை நீண்ட காலமாக ஆராய்ந்துவருகிறார். மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கத் தொடங்கும் ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே பெரும்பாலானவர்களுக்கு உடற்பயிற்சி இதமாக இருக்கிறது. அதைத் தாண்டியதும் ஏறக்குறைய எல்லோருக்குமே அந்த நேரத்தில் மனநிலை கீழே இறங்குகிறது. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் சரி. தோழியோடு பேசிக்கொண்டே மொட்டை மாடியில் விறுவிறுவென்று நடப்பது இந்த அளவுக்குள் அடங்கிவிடும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதுவே ஏற்றது. படபடப்பைப் பழக்கிக்கொள்ளும் கடுமையான ஓட்டத்தைச் சில வாரம் கழித்துச் சேர்த்துக்கொள்ளலாம். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு. அதற்குக் குறைவாகச் செய்தாலும் பலன் உண்டு என்பதையும் அந்த அறிக்கையே சொல்கிறது.

மாதவிடாய் நாட்களில் செய்யலாமா என்று கேட்காத பெண் குறைவு. மைக் ஆர்மர் தலைமையில் 2019இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, வாரத்துக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ 45 முதல் 60 நிமிடம் உடற்பயிற்சி செய்த பெண்களுக்கு மாதவிடாய் வலி கணிசமாகக் குறைந்ததைக் காட்டியது. யோகா போன்ற மென்மையான பயிற்சியானாலும் கடுமையான பயிற்சியானாலும் பலன் இருந்தது. மாதத்தில் இரண்டு மூன்று நாள் வலியில் சுருண்டு கிடப்பதும், அடுத்த மாதம் அந்த நாளை நினைத்து முன்கூட்டியே பயப்படுவதும் மனத்தைத் தின்னும் விஷயங்கள். அந்த வகையிலும் உடற்பயிற்சி மனத்துக்கு உதவுகிறது.

எச்சரிக்கைகளும் உண்டு. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும், எப்போதும் அசதியாக இருக்கும் பெண், ஓட்டத்தைத் தொடங்குவதற்கு முன் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. இரும்புச்சத்துக் குறைவையே மனச்சோர்வு என்று நினைத்துக்கொண்டிருக்கவும் கூடும். மறுபக்கத்தில், சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே பயிற்சியைக் கூட்டும் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகிறது, எலும்பு பலவீனமாகிறது, எரிச்சலும் சோர்வும் வருகின்றன. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதைத் தனி நோய்நிலையாக வரையறுத்தது. ஒரு நாள் ஜிம்முக்குப் போகாவிட்டால் குற்ற உணர்வில் சாப்பிடாமல் இருப்பது ஒழுக்கம் போலத் தோன்றும். உண்மையில் அது உதவி தேவை என்பதற்கான அறிகுறி. மாத்திரை சாப்பிடுபவர்கள் ஓடத் தொடங்கிவிட்டோம் என்று மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் முதலில் மனிதத் துணை வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே எந்த நேரமும் பேசலாம்.

ஓர் இளம்பெண் தினமும் அரை மணி நேரம் தனக்காக நடக்கவோ ஓடவோ வேண்டுமென்றால் அவளுக்கு மன உறுதி மட்டும் போதாது. இடம் வேண்டும், வெளிச்சம் வேண்டும், யாரும் முறைத்துப் பார்க்காத தெரு வேண்டும், கேள்வி கேட்காத வீடு வேண்டும். இவையெல்லாம் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு ஒரு முறை பார்த்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தே கற்றுக்கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முழுத் துணை நின்றார். கல் குவாரியில் வேலை செய்தவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், விவசாயக் கூலிகள் என்று பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கேலி பேசியவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஊரே திரண்டு ஓட்டும்போது தனியாக ஒருத்தியைக் கேலி செய்ய முடியவில்லை. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கே போய்ப் பேசியபோது, வருமானத்தைப் பற்றிச் சொன்ன பெண்கள்கூட, யாருக்காகவும் பஸ்ஸுக்காகவும் காத்திருக்காமல் போய்வர முடிவதில் கிடைத்த தன்னம்பிக்கையைப் பற்றியே அதிகம் பேசினார்கள். அவர்களின் மனச்சோர்வை யாரும் கேள்விப் பட்டியலால் அளக்கவில்லை. அளந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

2001இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பு மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு மற்றவர்களுக்கும் விரிந்த தமிழக அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டத்தில் ஆண்டுதோறும் பதினோராம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் கிடைக்கிறது. இரண்டு ஆண்டுகள் அவர்கள் வெயிலிலும் மழையிலும் மிதித்துப் பள்ளிக்குப் போகிறார்கள், தெருவில் பக்கத்துப் பக்கமாகப் பேசிக்கொண்டே வருகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பல வீடுகளில் அந்த சைக்கிள் அப்பாவின் வேலைக்கோ தம்பியின் ட்யூஷனுக்கோ போய்விடுகிறது. அதே சைக்கிளில் கல்லூரிக்கும் போகட்டும் என்று வீடு நினைத்தால், கல்லூரிகள் நிறுத்த இடமும் மாலையில் திறந்த மைதானமும் தந்தால், அதே பெண்ணுக்கு இருபது வயதிலும் அந்த அரை மணி நேரம் மிஞ்சும்.